வாளும் விசுவாசமும்



நம் திண்டிவனத்தில் ஊழியம் செய்த ஆற்காடு மிஷன் சீர்திருத்தச் சபை மரபைச் சேர்ந்தது. அம்மரபின் பெல்ஜிய விசுவாச அறிக்கையை 1561-இல் கீதோ தெ பிரே எழுதினார். பொய் வழிபாட்டை அகற்றுவதும் அரசின் கடமை என்றது அது. அவரையே 1567-இல் கத்தோலிக்க ஸ்பெயின் ஆட்சி தூக்கிலிட்டது.

அந்த அறிக்கையை ஏற்ற டச்சுக்காரர் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, நம் குருக்களை விரட்டினர். 1687-இல் புனித ஜோசப் வாஸ் பிச்சைக்காரர் கோலத்தில் அங்கே நுழைந்து, மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். கண்டியின் பௌத்த அரசரோ முதலில் சிறையிலிட்டாலும், பிறகு அவருக்குப் புகலிடம் தந்தார்.

வாள் எந்தச் சபையின் கையில் இருந்தாலும் விசுவாசம் பிறக்காது. சமயக் காரியத்தில் அரசு யாரையும் வற்புறுத்தலாகாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

சீசருக்குரியது வரி; மனச்சாட்சி கடவுளுக்குரியது. நாம் கேட்கும் சுதந்திரத்தை அயலாருக்கும் சேர்த்தே கேட்போம். ஆமென்.