பைக்குள் அடங்கும் பூதங்கள்

‘சீட்டு’ என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பது நம் குடும்பங்களில் வழக்கம். வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பாரதக் கதையிலோ ஓர் அரசு முழுவதுமே பகடையில் போயிற்று. ஆகவே, சென்ற ஆண்டு நம் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் வண்ணப் படங்கள் அச்சிட்ட சீட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து நம்முன் பரப்பியபோது, நாம் முதலில் செய்தது அவனைக் கடிந்துகொண்டதுதான்.

தலைநகருக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதமாகியும் அவனுக்குத் தோழன் என்று ஒருவரும் வாய்க்கவில்லை. இந்தி புரியும்; பேச நா எழாது. மாலையில் மற்றக் குழந்தைகள் கீழே விளையாடும்போது, அவன் மாடிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பார்த்து நிற்பான். அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஒருநாள் துணிந்து கீழே இறங்கியவன், பத்து நிமிஷத்தில் அழுதுகொண்டே திரும்பினான். கடைத்தெருவில் வாங்கிய அவை அத்தனையும் போலி என்று ஒரு பெரிய பையன் சொல்லிவிட்டானாம். “ஆடவும் தெரியாதா?” என்று மற்றவர்கள் சிரித்தார்களாம்.

அவனைப் பிடித்திருந்த நோய் சூது அன்று, தனிமை என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது. வெளிமாநிலங்களில் பிள்ளை வளர்க்கும் நேயர்களுக்கு இந்த நிலை புதிதாயிராது. ஆகவே, கடிந்துகொண்ட நாமே அந்த ஆட்டத்தைக் கற்கத் தொடங்கினோம். கற்றதைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஆட்டத்தின் பெயர் போக்கிமான். ‘பாக்கெட் மான்ஸ்டர்’ என்னும் ஆங்கிலத் தொடரை ஜப்பானியர் தம் நாவுக்கு ஏற்பச் சுருக்கி இப்பெயரிட்டனர். பைக்குள் அடங்கும் பூதம் என்று நாம் தமிழாக்கலாம். இதன் மூலகர்த்தா சதோஷி தஜிரி. டோக்கியோவை அடுத்த மச்சிதாவில் சிறுவனாயிருந்தபோது பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெரும் பித்துக் கொண்டவர். ஊர் நகரமாக வளர வளர வயலும் குளமும் மறைந்தன. பூச்சி பிடிக்கும் அந்த இன்பத்தை நகரத்துக் குழந்தைகளுக்கு வேறு வடிவில் தர எண்ணினார். 1996 பிப்ரவரியில் கையடக்க மின்கருவி விளையாட்டாக அது வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சீட்டாட்டமும், 1997 ஏப்ரலில் தொலைக்காட்சிச் சித்திரத் தொடரும் பின்தொடர்ந்தன. சேகரித்த சீட்டுகளைக் கொண்டு அவரவர் தமக்கெனக் கட்டு அமைத்து ஆடும் முறை அதற்கும் சற்று முந்தியது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்த ‘மேஜிக்’ என்ற ஆட்டம் 1993இல் அம்முறைக்கு வழிகாட்டியது.

ஜப்பானுக்குச் சீட்டு வந்த வரலாறு நமக்கும் உறவுடையது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் அங்கே சீட்டுக்கட்டைக் கொண்டு சேர்த்தன. போர்த்துகீசியரின் ‘கார்த்தா’ ஜப்பானியரிடம் ‘கருதா’ ஆயிற்று. நாம் கடிதத்தைக் ‘கடுதாசி’ என்கிறோமே, அதுவும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததே என்பர் அகராதி ஆசிரியர். சூது பெருகியதால் ஜப்பானிய ஆட்சியாளர் அயல்நாட்டுச் சீட்டைத் தடுத்தனர்; மக்களோ எண்களை நீக்கிப் பூக்களை வரைந்து பூச்சீட்டு ஆக்கிக்கொண்டனர். அந்தப் பூச்சீட்டைச் செய்வதற்கென்று 1889இல் கியோட்டோ நகரில் தோன்றிய கடைதான் நிண்டெண்டோ. இன்று போக்கிமான் உரிமையாளர் மூவருள் அந்நிறுவனமும் ஒன்று. சீட்டின்மேல் உள்ள ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் புலப்படும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஆடுவோர் இருவர், ஒவ்வொருவர் கட்டிலும் சரியாக 60 சீட்டு. சீட்டுகள் மூவகைப்படும். போர் புரியும் உயிரினங்கள் ஒருவகை. அவற்றுக்கு வலுவூட்டும் நெருப்பு, நீர், புல், மின்னல் முதலிய ஆற்றல் சீட்டுகள் மற்றொரு வகை. ஆடுவோருக்கு உதவும் பயிற்சியாளர் சீட்டுகள் மூன்றாம் வகை. அடிப்படை ஆற்றல் சீட்டு நீங்கலாக, ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்குமேல் கட்டில் இருத்தலாகாது.

கட்டைக் கலைத்து ஏழு சீட்டு எடுக்க வேண்டும். அவற்றில் அடிப்படை உயிரினம் ஒன்றை முன்னே போர்முனையில் நிறுத்தி, மேலும் இருந்தால் ஐந்து வரை பின்வரிசையில் அமர்த்தலாம். அடுத்து, ஆறு சீட்டுகளைப் பரிசுச் சீட்டுகளாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். எதிரியின் உயிரினம் ஒன்றை வீழ்த்தினால் நம் பரிசுச் சீட்டில் ஒன்றைக் கையில் எடுக்கலாம். வலிமை மிக்க சில உயிரினங்களுக்கு ஒன்றுக்கு மேலும் உண்டு. அது சீட்டிலேயே எழுதியிருக்கும். ஆறையும் முதலில் எடுத்தவருக்கே வெற்றி. எதிரியின் களத்தில் உயிரினமே இல்லாமற் போனாலும், தன் முறை தொடங்கும்போது எடுக்க அவருக்குச் சீட்டில்லாமற் போனாலும் வெற்றி நம்முடையதே.

ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு சீட்டு எடுக்கிறோம். பிறகு ஓர் ஆற்றல் சீட்டை, ஒன்றே ஒன்றை, ஏதேனும் ஓர் உயிரினத்தோடு சேர்க்கலாம். முன் முறைகளிலேயே களத்துக்கு வந்துவிட்ட உயிரினத்தின்மேல் அதன் வளர்ந்த வடிவத்தை வைக்கலாம். இறுதியில் தாக்குதல்; தாக்கியவுடன் நம் முறை முடிந்தது. முதலில் ஆடத் தொடங்குபவருக்கு முதல் முறையில் தாக்கும் உரிமை இல்லை.

ஆட்டத்தின் உயிர் அந்த ஒரே ஓர் ஆற்றல் சீட்டில்தான் இருக்கிறது. முன்னே நின்று அடிபடுகிறவனுக்கு அதைக் கொடுப்பதா, பின்னே வளர்ந்துவரும் குட்டிக்குக் கொடுப்பதா? இன்றைய செலவா, நாளைய சேமிப்பா? மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு இக்கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளை அதைத் தானே எண்ணிப் பார்த்து விடை காண்பதைக் காண நமக்கு வியப்பாயிருந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இன்னொரு சுவையும் கிட்டியது. சீட்டின் வாசகம் சட்ட வாசகம் போன்றது. ‘செய்யலாம்’ என்றிருந்தால் விருப்பம். ‘செய்க’ என்றிருந்தால் கட்டாயம். பொதுவிதியும் சீட்டின் வாசகமும் முரண்பட்டால் சீட்டின் வாசகமே நிற்கும். பொதுச் சட்டத்தைச் சிறப்புச் சட்டம் விஞ்சும் என்னும் நெறியே இது. பெயர்களும் அவ்வாறே நயமுடையவை. நெருப்புக்கு ஜப்பானியச் சொல் ‘ஹி’, பல்லிக்கு ‘தொகாகே’. இரண்டும் சேர்ந்து ‘ஹிதொகாகே’ ஆயிற்று. ஆங்கிலத்தார் அதைச் ‘சார்மாண்டர்’ என்று மாற்றினர். ‘தீப்பல்லி’ என்று நாம் சொன்னபோது நம் சிறுவன் கைகொட்டிச் சிரித்தான். பிக்காச்சுவோ ஜப்பானியப் பெயரோடே உலகெங்கும் உலவுகிறது.

இனிக் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. இதில் சூது உண்டெனில் அது கடையிலேதான் இருக்கிறது. சீட்டுகளை மூடிய உறைகளில் விற்கிறார்கள். ஆங்கிலப் பதிப்பில் உறைக்குப் பெரும்பாலும் பத்துச் சீட்டு. உள்ளே இருப்பது யாதெனப் பிரிக்கும்வரை தெரியாது. அரிய சீட்டு வரும் என்ற ஆசையில் உறைமேல் உறையாகப் பிரிக்கும் பிள்ளைக்கு நூறு சீட்டு சேரலாம். ஆடுதற்குரிய ஒரு கட்டு சேராது. 2021இல் ஒரு பிக்காச்சுச் சீட்டு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அச்செய்தி கேட்டு மயங்குவோர் ஒன்றை மறக்கலாகாது. அச்சீட்டு எந்த உறையிலும் வந்ததன்று. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஓவியப் போட்டியில் வென்றவர்க்குப் பரிசாக அளித்தது.

ஆகவே, தொடங்குவோர் உறைகளை நாடாமல், ஆடுவதற்கென்றே ஒழுங்குசெய்து 60 சீட்டுகளாக விற்கும் கட்டை வாங்குவதே தக்கது. ‘பேட்டில் அகாடமி’ என்ற பெட்டியில் மூன்று கட்டும் ஆட்டப் பலகையும் சேர்ந்தே கிடைக்கும். முதல் சில ஆட்டங்களைக் கைச்சீட்டை மறைக்காமல் விரித்து வைத்தே ஆடுங்கள். விதிகள் விரைவில் மனத்தில் படியும். பணம் செலவிடுமுன் ஆட்டம் பிடிக்கிறதா என்று பார்க்க, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சீட்டாக எழுதிக்கொண்டாலும் போதும். நாமும் அப்படித்தான் தொடங்கினோம்.

போலியை எளிதில் அறியலாம். எழுத்துப் பிழை, மங்கிய பின்புறம், மெல்லிய தாள் ஆகியவை அடையாளம். மலிவான விலைக்குக் கட்டுக்கட்டாக விற்கும் பொன்னிறச் சீட்டுகள் பெரும்பாலும் போலியே. சீட்டு மாற்றிக்கொள்வதிலும் ஒரு நெறி தேவை: பெரிய பிள்ளையும் சிறிய பிள்ளையும் மாற்றிக்கொள்ளும்போது பெரியவர் ஒருவர் அருகிருத்தல் நலம். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முன்கூட்டியே வரையறுத்துவிட்டால், பின்னால் கண்ணீரும் இல்லை, கண்டிப்பும் இல்லை.

ஒரு மாதம் வீட்டில் ஆடிய பின் நம் சிறுவன் மீண்டும் கீழே போனான். முதல் நாள் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. ஆயினும் அழவில்லை. முன்பு சிரித்தவர்களுள் ஒருவனான பஞ்சாபிப் பையன், தன்னிடம் இரண்டாயிருந்த தீப்பல்லியில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தானாம். இப்போது ஞாயிறுதோறும் மாடிப்படித் திருப்பத்தில் பாய் விரித்து நாலைந்து பேர் கூடுகிறார்கள். சீட்டிலுள்ள ஆங்கிலத்தை நம் பிள்ளை உரக்கப் படித்து, இளைய பிள்ளைகளுக்கு இந்தியில் பொருள் சொல்கிறான். இந்தியில் பிழை உண்டு. அதை அவர்கள் திருத்துகிறார்கள். அடி விழுந்த கணக்கைக் கூட்டிக் கூட்டியே அவன் இந்தி எண்களைக் கற்றுக்கொண்டான். ஓராண்டாக நாம் சொல்லிக்கொடுத்து வராதது அது.

அண்மையில் ஒருநாள், “அப்பா, நீங்களும் வந்து உட்காருங்கள், ஓர் ஆள் குறைகிறது” என்று அழைத்தான். அலுவலகக் காகிதங்களை மூடி வைத்துவிட்டுப் போனோம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் தோற்றுத் திரும்பினோம். உங்கள் பிள்ளையும் மாடிக் கைப்பிடியோரம் நின்றுகொண்டிருந்தால், வரும் ஞாயிறன்று அவனோடு அல்லது அவளோடு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். தோற்பதற்கும் சித்தமாயிருங்கள்.