உடற்குறையுற்ற குழந்தைகளும் நமது சங்கத்தின் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தின் ஆண்டறிக்கை சற்று முன்னர் படிக்கப்பெற்றது. கல்வி நிதி எவ்வளவு, மணவுதவி எவ்வளவு, மண்டபத்தின் வாடகை வரவு எவ்வளவு என்பனவெல்லாம் அதில் விளக்கமாகக் கூறப்பெற்றுள்ளன. ஆனால் நடக்கவியலாத குழந்தையைப் பற்றியோ, பேச்சு வாராத குழந்தையைப் பற்றியோ, அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தையைப் பற்றியோ அதில் ஒரு வரியேனும் இல்லை. காரியதரிசி அவர்கள் மேல் குறை கூறுவதற்காக யாம் இதனைச் சொல்லவில்லை. அத்தகைய குழந்தையை உடைய குடும்பம் எதுவும் சங்கத்தை நாடி வந்து உதவி கேட்கவில்லை. கேளாததை அவர் எங்ஙனம் எழுதுவார்? அவர்கள் ஏன் வரவில்லை என்பதே நாம் சிந்திக்கவேண்டிய விஷயம்.

காரணம் நாம் யாவரும் அறிந்ததே. தம்பிக்குக் குறையுண்டு என்பது வெளியில் தெரிந்தால் அக்காளுக்கு வரன் அமையாது என்னும் அச்சமே அது. பெண் பார்க்க வருகின்ற நாளில் அக்குழந்தையைப் பின்கட்டில் கிடத்திக் கதவைச் சாத்தி வைக்கின்றோம். முற்பிறப்பின் வினை என்று ஊரார் பேசுவதும், மருமகள் வந்த வேளை என்று வீட்டார் பேசுவதும் அக்கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகின்றன. உண்மை யாதெனில், பிரசவ வேளையில் மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு, பச்சிளங் குழந்தைக்கு மஞ்சட்காமாலை முற்றுதல், மூளைக்காய்ச்சல் முதலிய பல காரணங்களால் இக்குறைகள் நேர்கின்றன. மாமன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால் பிறவிச் செவிடு போன்ற சில குறைகள் மிகுகின்றன என்பதையும் மருத்துவர் கண்டுள்ளனர். அம்மணத்தைப் பேசி முடித்தவர்கள் பெரியவர்கள். பழி சுமப்பவள் மட்டும் மருமகளோ? இதனைச் சபையிலே கேட்பது சிலருக்கு உவப்பாயிராது. ஆயினும் கேட்கின்றோம்.

கதவைச் சாத்தாமல் திறந்து வைத்ததால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் நமக்கு அண்மையிலேயே இருக்கின்றது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் பிறந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்த காலத்தில், 1975-ஆம் ஆண்டு, கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கீழே வீழ்ந்து முதுகுத்தண்டு சிதைந்து, கழுத்துக்குக் கீழே உடல் இயங்காத நிலையை எய்தினார். அவர் 1981-ல், ஐக்கிய நாடுகள் சபை உடற்குறையுற்றோர்க்கென வகுத்த சர்வதேச ஆண்டில், தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். தசை நலிவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த பட்டயக் கணக்கர் திரு. எஸ். சங்கரராமன் 1990-களில் அவருடன் சேர்ந்துகொண்டார். குறையுடையார்க்குப் பிறர் செய்யும் தருமமாக மட்டும் அன்றி, குறையுடையார் தாமே நடத்துகின்ற தருமமாகவும் அது வளர்ந்தது. திரு. இராமகிருஷ்ணன் அவர்களுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

அச்சங்கத்தின் பணிகளுள் எம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது, அதன் பணியாளர் கிராமங்கட்குச் சென்று வீட்டு வாயிலிலேயே குழந்தைகளைக் காண்பதாகும். குழந்தையின் நிலையைக் கைப்பேசியில் பதிந்து, தொலைவிலுள்ள நிபுணரின் யோசனையையும் பெறுகின்றனர். இதன் பயனைச் சிறிது விரித்துரைப்போம். மூளை முடக்குவாதம் உற்ற குழந்தையின் தசைகள் விறைத்து நிற்கும். நாள்தோறும் அவற்றை நீட்டி மடக்கிப் பழக்காவிடில் முழங்காலும் கணுக்காலும் மடங்கியவாறே இறுகிவிடும். பின்னர் அறுவைச் சிகிச்சையன்றி வழியில்லாத நிலையும் நேரும். மல்லாக்கக் கிடத்திக் கஞ்சி புகட்டினால் அது மூச்சுக்குழலில் இறங்கி மார்புச் சளியாக மாறும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்சாய்த்துப் புகட்டவேண்டுமென்பதைத் தாய்க்கு ஒருவர் அருகிருந்து காட்டினால் போதும். உயிருக்கு வரும் ஆபத்தே பெரிதும் குறையும். காது கேளாமையை முதலாண்டிலேயே கண்டு கருவி பொருத்தினால் பேச்சு வரும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கண்டால் அது மிக அரிதாகும். முதல் மூன்றாண்டுகளில் மூளை எளிதில் பழகும் தன்மையுடையது. அவ்வாண்டுகளைத்தான் நாம் வெட்கத்தினால் கழித்துவிடுகின்றோம்.

குழந்தைக்கு மட்டும் உதவி என்பது அரை உதவியே. இத்தகைய பிள்ளையைப் பேணும் தாய் வேலைக்குச் செல்லவியலாது. உறவினர் வீட்டுக் கலியாணத்திற்கும் செல்லவியலாது. கடுமையான குறையுடையார்க்குத் தமிழ்நாட்டு அரசினர் அளிக்கும் பராமரிப்புத் தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. நன்று, ஆயினும் அவள் இழந்த கூலிக்கு அது ஈடாகாது. சிகிச்சைக்கென்று பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிச் செல்லும் அவள், சில மாதங்களில் களைத்து நின்றுவிடுகின்றாள். பிள்ளைக்குப் பத்து வயதானால் தூக்கவும் முடிவதில்லை.

சட்டம் நம் பக்கமே இருக்கின்றது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளை ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்து, ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்விக்கும் உரிமை வழங்கியது. பெற்றோர் நெஞ்சை இரவுதோறும் வாட்டும் கேள்வி, ‘எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?’ என்பது. மூளை முடக்குவாதம், மதியிறுக்கம், அறிவுத்திறன் குறைவு, பலவகைக் குறை ஆகியவற்றையுடையார்க்குப் பாதுகாவலரை நியமிக்க 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பெற்றது. நம் சங்கத்திலே வக்கீல்கள் பலர் உளர். ஒரு குடும்பத்திற்கேனும் இதற்குரிய மனுவை எழுதிக் கொடுத்தவர் அவர்களுள் எத்தனை பேர் என்று யாம் அறிய விரும்புகின்றோம்.

இனி, சபையிலே கருத்து வேற்றுமைக்கு இடமாகவுள்ள செய்திக்கு வருகின்றோம். உதவி செய்வதாயின் நம் குலத்துக் குழந்தைகளுக்கென்றே ஓர் இல்லம் எழுப்பலாமே என்று சில அன்பர்கள் கூறுகின்றனர். அவர்தம் நல்லெண்ணத்தை வணங்குகின்றோம். கருத்தை ஏற்க இயலவில்லை. கட்டடம் எழுப்பலாம், இயன்முறை மருத்துவரையும் சிறப்பாசிரியரையும் மாதந்தோறும் சம்பளமளித்து எவ்வாறு வைத்திருப்பது? அன்றியும், தெருவில் நடந்துவரும் பணியாளர் நம் வீட்டுக் குழந்தையைக் கண்டுவிட்டு அடுத்த வீட்டுக் குழந்தையைக் காணாமற் போவது தகுமா? ஆய்க்குடியாரின் சங்கம் தாங்கிய பெயர் எவருடையது என்பதை நினைவுகூருங்கள். அவர்க்குச் சிகிச்சை செய்த படைத்துறை மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜீத் சிங் சாஹல் அவர்களின் பெயரே அது. அவர் நம் ஊரினரும் அல்லர், நம் மொழியினரும் அல்லர்.

கல்வி நிதியின் சாசனம் நம் குலத்து மாணவர்க்கே என்று வரையறுத்திருத்தலின் அதனைத் தொடும்படி யாம் கேட்கவில்லை. மண்டப வருமானத்திற்கு அத்தகைய கட்டு இல்லை. ஆதலின், அவ்வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, எக்குலத்துக் குழந்தையாயினும், சிகிச்சைக்குச் செல்லும் தாய்மார்களின் வண்டிச் சத்தத்திற்கும், வீடுதேடி வரும் பணியாளரின் ஊதியத்திற்கும் ஒதுக்கவேண்டும். முகூர்த்தமில்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை வாரம் இரண்டு நாள் இத்தகைய பயிற்சிக்குத் திறந்துவிடவேண்டும். அதன் முகப்பில் ஏழு படிகள் உள்ளன. சக்கர நாற்காலி ஏறுதற்கு ஒருபுறம் சாய்தளம் அமைக்கவேண்டும். இம்மூன்றனையும் ஒரே தீர்மானமாக எழுதி அக்கிராசனர் அவர்களிடம் கொடுத்துள்ளோம். கைதூக்கி வாக்களிக்கக் கூசும் குடும்பத்தார் இச்சபையில் இருக்கக்கூடுமாதலின், சீட்டு முறையில் வாக்கெடுக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கின்றோம்.