சம்சாரி யார்? சின்னப்பிள்ளை அம்மாவின் வாழ்க்கையை முன்வைத்து



நம்மில் பலர் மாட்டுத்தாவணியில் பஸ் இறங்கித்தான் இந்த அரங்குக்கு வந்திருக்கிறோம். தாவணி என்றால் சந்தை. மாட்டுக்கு விலை பேசிய இடத்தின் பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் நம் அம்மாக்களின் உழைப்புக்கு விலை பேசியது யார்? அங்கிருந்து தொடங்குகிறோம்.

தெற்கத்திச் சீமையில் விவசாயியைச் சம்சாரி என்பார்கள். பட்டா வைத்திருப்பவர் சம்சாரி. நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்து, கட்டுச் சுமந்து களம் சேர்த்தவள் கூலியாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர் என்று இருவரையும் பிரித்தே எழுதுகிறது. ஆயுள் முழுக்க வயலில் நின்ற நம் அம்மா, சாகும்வரை விவசாயி ஆவதில்லை.

அழகர்கோவில் பக்கம் பில்லுசேரியில் வாழ்க்கைப்பட்டவர் சின்னப்பிள்ளை அம்மா. சின்ன வயதிலேயே கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. நிலமில்லாத தலித் குடும்பம். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கூலிக்குப் போனவர், கொத்துத் தலைவி ஆனார்.

கொத்து என்பது சேர்ந்து வேலைக்குப் போகும் பெண்களின் கூட்டம். எத்தனை ஆள், எவ்வளவு கூலி என்று நிலக்காரரிடம் பேசி முடிப்பவர் தலைவி. வேலை முடிந்ததும் கூலியை வாங்கிக் குறையாமல் பங்கு வைப்பவரும் அவரே. ஏட்டில் எழுதாமல் மனக்கணக்கில் நடத்த வேண்டிய பொறுப்பு இது.

கூலி பேசுவதைச் சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். கூடுதல் கூலி கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்த நாட்டில் வரப்பில் நின்று ஒரு தலித் பெண் "இந்தக் கூலி காணாது" என்று சொல்வது அரசியல். அதை நம் அம்மாக்கள் மேடையில்லாமல் செய்தார்கள்.

1990-களில் களஞ்சியம் இயக்கம் வளர்ந்தபோது கொத்து நடத்திய அதே கை சேமிப்பையும் நடத்தியது. வட்டிக்காரரிடம் கைகட்டி நிற்காமல், பெண்கள் தாங்கள் சேர்த்த பணத்தில் தாங்களே கடன் கொடுத்து வாங்கினார்கள். 2001 ஜனவரியில் தில்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், சின்னப்பிள்ளை அம்மாவின் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தப் புகைப்படத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். நாம் முடிக்கக்கூடாது. 2024-இல், சொன்ன வீடு வந்து சேரவில்லை என்று அந்த அம்மா வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகே மாநில அரசு வீடு கட்டித்தர உத்தரவிட்டது. காலைத் தொடுவது ஒரு நிமிட வேலை. அந்தக் கால் ஊன்றி நிற்க ஒரு வீடு கொடுப்பதற்கு இருபது வருசத்துக்கு மேலாகியிருக்கிறது. பிரதமர் வணங்கியவருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத கொத்துத் தலைவிகளின் நிலையை நாமே யோசித்துக்கொள்ளலாம்.

தாயைத் தியாகி என்று புகழ்வது நமக்கும் எளிதாக இருக்கிறது. தியாகம் என்று சொல்லிவிட்டால் கூலிபாக்கியைக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். இந்த வாரம் ஊருக்குப் போங்கள். அம்மாவிடம், அப்பத்தாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தெந்த வயலில் நட்டீர்கள், ஆணுக்கு என்ன கூலி, உங்களுக்கு என்ன கூலி, எத்தனை மாதக் கைக்குழந்தையை வரப்பு மரத்தில் தூளியில் போட்டுவிட்டு இறங்கினீர்கள்? அவர்கள் சொல்லும் பேச்சிலேயே எழுதுங்கள். நமது இலக்கியம் அந்தக் கணக்கிலிருந்து தொடங்கட்டும்.

எழுதி முடித்ததும் மேலே பெயர் போடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'விவசாயி' என்று எழுதுங்கள்.