கட்டையை மாற்றினோம், தட்டைப் பார்த்தோமா?

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மேடையேறுவோர் உயர்ந்த விடயங்களைப் பேசுவதே வழக்கம். நாமோ காரின் சில்லுக்குப் பின்னே மறைந்திருக்கும் ஓர் இரும்புத் தட்டைப் பற்றிப் பேச வந்துள்ளோம். நகைக்க வேண்டாம். அத்தட்டை நாம் அலட்சியஞ் செய்தமையால் எமது குடும்பத்தவர் ஐவரின் உயிர் ஒரு பொழுது ஊசலாடியது.

சென்ற விடுமுறையில் தந்தையாரின் கார் பிறேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சிட்டது. கராச்சுக்கு ஏன் கூலி கொடுக்கவேண்டுமென்று எண்ணி, 'பாட்' எனப்படும் பிறேக் கட்டைகளை வாங்கி, முன்சில்லுகளுக்கு நாமே பூட்டினோம். றோட்டர் எனப்படும் தட்டிலே தவாளிப்புகள் விழுந்திருந்ததையும், அதன் விளிம்பில் ஒரு வரம்பு எழும்பியிருந்ததையும் கண்டோம். "புதுக் கட்டை போட்டால் எல்லாம் சரிவரும்" என்று துணிந்துவிட்டோம்.

சில நாட்களின் பின் நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறம்பொடை வழியாக இறங்கினோம். பாதி வழியில் மிதி அதிர்ந்தது. எரிந்த நாற்றம் எழுந்தது. மிதித்த மிதி கீழே போயிற்று. தந்தையார் பதறாது கியரைக் குறைத்து, வண்டியை மண்மேட்டோடு அணைத்து நிறுத்தினார். மறுநாள் கண்டியிலே ஒரு மெக்கானிக் தட்டை அளந்து காட்டினார். புதிதாயிருந்தபோது 22 மில்லிமீற்றர்; தேயக்கூடிய எல்லை 20; அப்போது இருந்ததோ 19.3. தந்தையார் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, பள்ளிக்கூடத்திலை புள்ளிக்கு அளந்தனீ. இதை ஏன் அளக்கேல்லை?"

அக்கேள்வி இன்றும் எம்மைச் சுடுகிறது. மிஷன் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் திருகுக் கணிச்சியால் எத்தனை கம்பிகளை அளந்தோம்! அக்கல்வி வீட்டு வாசலுக்கு வரவில்லையே!

தட்டுப் பிறேக் புதியதன்று. இங்கிலாந்தின் லான்செஸ்ரர் 1902இல் அதற்கு உரிமம் பெற்றார். 1953இல் லெ மான் ஓட்டப்பந்தயத்தில் ஜாகுவார் கார் அதனைப் பூட்டியே வென்றது. பிறேக் செய்யும் வேலை, ஓட்டத்தை வெப்பமாக்குவது. 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்க, ஏறக்குறைய 1,39,000 யூல் வெப்பம் பிறக்கும். அதிற் பெரும்பங்கை முன்தட்டுகளே தாங்குகின்றன. தட்டு மெலிந்தால் விரைவில் அளவுமீறிச் சூடேறும். அச்சூடு பிறேக் எண்ணெயைக் கொதிக்கவைத்தால் மிதி கீழே போய்விடும்.

ஆகவே கட்டை மாற்றும்போது செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, அளத்தல். ஆகக்குறைந்த தடிப்பு பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே, சுற்றிவர எட்டு இடங்களிலே திருகுக் கணிச்சியால் அளக்கவேண்டும். சாதாரண இடுக்கிமானி விளிம்பு வரம்பிலே தங்கி, தடிப்பைக் கூட்டிக் காட்டி ஏமாற்றும்.

இரண்டாவது, தீர்மானித்தல். தவாளிப்பு இருந்தால், கடைந்த பின்னும் எல்லைக்கு மேல் தடிப்பு எஞ்சுமாயின் மட்டுமே கடையலாம். வெடிப்புக் கண்டாலோ, எல்லைக்குக் குறைந்தாலோ மாற்றவேண்டும். இடமும் வலமும் சோடியாகவே மாற்றவேண்டும்.

மூன்றாவது, துப்புரவு. தட்டு அமரும் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கவேண்டும். அங்கே ஒட்டிய சிறு துருவும் தட்டைக் கோணலாகச் சுழலவைக்கும்; அக்கோணல் 0.05 மில்லிமீற்றரை மிஞ்சினாலே பல கார்களில் நாளடைவில் மிதி அதிரத் தொடங்கும். புதுத் தட்டில் பூசியுள்ள துருத்தடுப்பு எண்ணெயை பிறேக் கழுவும் திரவத்தால் போக்கவேண்டும். பிறேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடலாகாது. பழைய கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே நன்று. சில்லு நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவாக இறுக்கவேண்டும்.

நான்காவது, பழக்குதல். வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்கவேண்டும். பின்னர் வெறுந்தெருவில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை, ஆறவிட்டு ஆறவிட்டுப் பத்துத்தரம் மெதுவாகக் குறைக்கவேண்டும். அப்போதுதான் கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று இணங்கும்.

பெரியோர்களே, பிள்ளைகள் ஆயுதம் எடுத்து வேலைசெய்ய முன்வந்தால் தடுக்காதீர்கள், "அளந்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். வாலிபர்களே, கையில் துணிவு வருமுன் கணிச்சி வரட்டும். கராச்சுக் கூலியை மிச்சம்பிடிக்க எண்ணிய நாம், அன்று ஐந்து உயிரைப் பணயம் வைத்தோம். அப்பிழை உங்களில் எவருக்கும் நேராதிருப்பதாக.