போன உயிர் திரும்புமா?

ஆலன் பார்க்கர் இயக்கி, 2003-இல் வெளிவந்த மர்மப்படம் 'தி லைஃப் ஆஃப் டேவிட் கேல்'. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மரண தண்டனையை எதிர்த்துப் போராடும் பேராசிரியர், தோழியைக் கொன்றார் என்று அதே தண்டனைக்கு ஆளாகிறார். உண்மையில் தோழி, தீராத நோயால் தாமே உயிர்விட்டவர். குற்றமற்றவரும் கொல்லப்படலாம் என்று காட்டவே பேராசிரியர் மௌனமாகச் சாகிறார்.

மரண தண்டனையை எதிர்ப்பவரான விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டே, இப்படம் எதிர்ப்பாளர்களைத்தான் இழிவுபடுத்துகிறது என்று ஒரு நட்சத்திரமும் தரவில்லை. எப்படி ஏமாந்தாலும் போன உயிர் திரும்புமா என்று கேட்டவர்களும் உண்டு.

நீதிமன்றத்தை ஏமாற்றிவிட்டு அதைக் குறை கூறுவது சரியன்று என்றே நமக்கும் படுகிறது. ஆயினும், சிறையில் இருப்பவர் குற்றமற்றவர் என்று தெரிந்தால் கதவைத் திறந்துவிடலாம். புதைகுழிக்குக் கதவு ஏது? மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, முடிவை நீதிபதியிடம் விட்டதை நாம் அறிவோம். வீட்டில் எல்லாருமாகப் பேசிப் பாருங்கள்.