காற்றழுத்த நீர்மூழ்கிப் பம்பு: இயக்கமும் பராமரிப்பும்



ஜாரியாவின் ஆழ்ந்த நிலக்கரிச் சுரங்கங்கள் பலவற்றில் நீர் ஊறுவதோடு மீத்தேன் வாயுவும் கசிகிறது. காற்றில் இவ்வாயு 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருப்பின், ஒரு மின்பொறியே வெடிவிபத்துக்குப் போதும். இத்தகைய இடங்களில் மின்மோட்டார் தேவைப்படாத காற்றழுத்த நீர்மூழ்கிப் பம்பு பெரிதும் பயன்படும்.

மின்சாரம் இல்லை என்பதால் பராமரிப்பும் வேண்டாம் என்பதன்று. காற்றிலுள்ள ஈரம் வெளியேறும் வழியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே இணைக்குமுன் காற்றுக்குழாயிலுள்ள நீரையும் துருவையும் ஊதி வெளியேற்றல் வேண்டும். மசகெண்ணெய் குறையாது பார்த்தல், வடிகட்டியில் படியும் கரிச்சேற்றைக் கழுவுதல், பம்பு நின்றபின் நீர் உட்புகாதிருக்கக் கழிவுக்காற்றுக் குழாயின் வாயை நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல், அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே இணைப்பைக் கழற்றுதல் ஆகியன இன்றியமையாதவை.

அழுத்தக் காற்று விலைமிக்கது. ஒவ்வொரு கசிவும் செலவைக் கூட்டி, நீரிறைப்பைத் தளர்த்தும். பராமரிப்பில் மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. கீழே பணிபுரிவோரின் பாதுகாப்பைக் குறைப்பதேயாகும்.