வலைப்பக்கத்தின் விரைவை எங்கிருந்து அளப்பது?



அணு உலையைச் சார்ந்து வாழும் அணுபுரத்தார்க்கு ஓர் உண்மையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உலைக்கூடத்தின் சுவரில் கதிர்வீச்சை அளக்கும் கருவி எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும். ஆயினும், அக்கூடத்தில் பணியாற்றியவர் உடல் எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றது என்னும் கணக்கிற்கு அச் சுவர்க்கருவி மட்டும் போதிய சான்றாகாது. ஒவ்வொருவரும் தம் மார்பில் அணிந்து சென்ற அளவட்டையே அதற்குச் சான்று. ‘டி.எல்.டி. பேட்சு’ என்று பணியிடத்தில் வழங்கப்பெறும் அவ் அட்டையிலுள்ள வில்லையைச் சூடேற்றினால் அஃது ஒளிரும். அவ்வொளியின் அளவைக் கொண்டு அவர் ஏற்ற கதிர்வீச்சின் அளவு கணிக்கப்பெறும். ஐந்தாண்டுக்கு நிரவிப் பார்க்கையில் ஆண்டுக்கு 20 மில்லி சீவெர்ட்டு. எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டலாகாது. இவ் வரம்பு தனித்தனி ஆளுக்கு உரியது, கூடத்திற்கு உரியதன்று. ஒரே கூடத்தில் ஒருவர் குழாயருகே நின்றிருப்பார். மற்றொருவர் வாயிலருகே நின்றிருப்பார். சுவர் இருவர்க்கும் ஒன்றே. உடல்கள் ஏற்றதோ வேறுவேறு.

மாந்தர்க்கு நேர்வதை மாந்தரிடத்தே அளக்க வேண்டும் என்னும் இந் நெறி, இற்றை நாளில் தமிழர் வாழ்வில் நாள்தோறும் இடம்பெறும் மற்றொரு துறைக்கும் முற்றிலும் பொருந்தும். அதுவே வலைத்தளங்களின் விரைவு.

நிலத்தின் பட்டாவைப் பார்க்கவும், மின்கட்டணம் செலுத்தவும், சாதி, வருமானச் சான்றிதழ் வேண்டவும், பிள்ளைகளின் தேர்வு முடிவை அறியவும், புயல் எங்கே கரையேறும் என்று தெரிந்துகொள்ளவும் தமிழர் வலைத்தளங்களையே நாடுகின்றனர். முன்பு அலுவலகப் படிக்கட்டில் காத்திருந்த மக்கள் இன்று கைப்பேசித் திரையின் முன் காத்திருக்கின்றனர். படிக்கட்டில் நின்ற கூட்டத்தை அலுவலர் கண்ணால் கண்டார். திரையின் முன் காத்திருப்போரை யார் காண்கின்றனர்?

வலைத்தளத்தின் விரைவை அளக்க இருவகை முறைகள் உள்ளன. ஒன்று ஆய்வுக்கூட முறை. குறித்த ஒரு கணிப்பொறி, குறித்த ஓர் இணைப்பு, குறித்த ஓரிடம் ஆகியவற்றைக் கொண்டு, குறித்த இடைவெளியில் பக்கத்தைத் திறந்து திறந்து பார்ப்பது. தளம் இயங்குகிறதா, நின்றுவிட்டதா, நேற்றைவிட இன்று மாறியுள்ளதா என்று அறிய இம்முறை பெரிதும் உதவும். நள்ளிரவில் ஒருவரும் வாராத வேளையிலும் இது விழித்திருக்கும். எனவே இதை வேண்டாவென்று ஒதுக்குவதற்கில்லை. ஆனால், இது சுவரில் மாட்டிய கருவியே.

மற்றொன்று, உண்மையாக வந்து படிப்போர் கையிலேயே அளக்கும் முறை. பக்கத்தோடு சிறியதொரு நிரலும் படிப்பவரின் உலாவிக்குச் செல்லும். தளத்தின் முகவரியைத் தேட எவ்வளவு பொழுது ஆயிற்று, வழங்கியோடு இணைய எவ்வளவு, முதற்செய்தி வந்துசேர எவ்வளவு, எழுத்தும் படமும் திரையில் தோன்ற எவ்வளவு என்று உலாவி குறித்துவைத்ததை அந் நிரல் திருப்பியனுப்பும். இக்குறிப்புகளுள் பலவற்றை எல்லா உலாவிகளும் ஒரே வகையாகத் தருவதற்கான வரையறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2012-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தன் பரிந்துரையாக வெளியிட்டது. 2017 முதல் கூகுள் நிறுவனம், தன் குரோம் உலாவியைப் பயன்படுத்துவோரில் இசைவு தந்தவர்களிடமிருந்து திரளும் அளவுகளைத் தொகுத்துப் பொதுவில் வெளியிட்டு வருகிறது. மார்பில் அணிந்த அட்டைக்கு ஒப்பானது இம்முறை.

எதை அளப்பது என்பதிலும் ஒரு தெளிவு பிறந்துள்ளது. கணிப்பொறியின் முன் மாந்தர் பொறுமை எவ்வளவு என்பதை 1968-ஆம் ஆண்டிலேயே இராபர்ட்டு மில்லர் ஆராய்ந்தார். 1993-இல் யாக்கோபு நீல்சன் அதை மூன்று வரம்புகளாக எடுத்துரைத்தார். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கிற்குள் மறுமொழி வந்தால், தொட்டவுடன் நடந்ததாகவே உள்ளம் கொள்ளும். ஒரு நொடிக்குள் வந்தால் சுணக்கம் தெரியும். எனினும் எண்ணத்தொடர் அறுபடாது. பத்து நொடியைக் கடந்தால் கவனம் வேறிடம் சென்றுவிடும். 2020-ஆம் ஆண்டு கூகுள் மூன்று அளவைகளை முன்வைத்தது. பக்கத்தின் மிகப்பெரிய கூறு கண்ணுக்குத் தெரிய இரண்டரை நொடிக்கு மேல் ஆகலாகாது என்பது ஒன்று. படித்துக்கொண்டிருக்கும்போதே எழுத்தும் பொத்தானும் இடம்பெயர்ந்து ஓடலாகாது என்பது மற்றொன்று. தொட்டால் திரை உடனே மறுமொழி தரவேண்டும் என்பது மூன்றாவது. இம் மூன்றாவதற்கு முன்பிருந்த அளவை போதாதென்று கண்டு, 2024 மார்ச்சு 12 முதல் புதிய அளவை ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கிற்குள் மறுமொழி தோன்றினால் நன்று என்பது அதன் வரையறை.

இவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. இவ் வரம்புகள் நிரவல் கணக்கிற்கு உரியவை அல்ல. நூறு வருகைகளில் எழுபத்தைந்தாவது வரம்பிற்குள் வந்தால்தான் தளம் தேறியதாகக் கொள்ளப்படும். ஏன் இவ்வாறு? ஒன்பது பேர்க்கு ஒரு நொடியிலும் ஒருவர்க்கு முப்பது நொடியிலும் பக்கம் திறந்தால், நிரவல் ஏறத்தாழ நான்கு நொடி என்று வரும். அந்த நான்கு நொடியைப் பத்துப் பேரில் ஒருவரும் பட்டறிந்ததில்லை. யார்க்கும் நேராத ஒன்றைக் கூறி, ஒருவர்க்கு நேர்ந்த துன்பத்தை மறைப்பதே நிரவல் கணக்கின் இயல்பு.

இதைவிட வியப்பான நிகழ்ச்சி ஒன்று யூடியூபு நிறுவனத்தில் நடந்தது. காணொளிப் பக்கம் ஒன்று 1.2 மெகாபைட்டு எடையுடையதாக இருந்ததைக் கண்டு, கிறிசு சக்காரியாசு என்னும் பொறியாளர் அதை 100 கிலோபைட்டிற்கும் கீழாகக் குறைத்தார். குறைத்த பக்கத்தைச் சிலர்க்கு மட்டும் வெளியிட்டு அளவுகளைப் பார்த்தபோது, நிரவல் பொழுது குறையவில்லை, ஏறியிருந்தது! பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிய பக்கம் எவ்வாறு சுணங்கும்? அளவுகளை நிலப்பகுதி வாரியாகப் பிரித்த பின்னரே உண்மை விளங்கிற்று. தென்கிழக்காசியா, தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா ஆகிய இடங்களில் இணைப்பு மெலிந்த மக்கள், பழைய பக்கத்தைத் திறக்க இருபது மணித்துளி ஆகுமாதலின் அதை நாடாமலே இருந்தனர். புதிய பக்கம் அவர்களுக்கு இரண்டு மணித்துளியில் திறந்தது. அவர்கள் பெருந்திரளாக வந்து சேர்ந்தமையாலேயே நிரவல் ஏறிற்று. 2012-ஆம் ஆண்டில் அவரே இதை எழுதி வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் ஆழமானது. பக்கம் திறக்கும் முன்பே சலித்து மூடியவரின் கையில் அளக்கும் நிரல் சென்று சேர்ந்திராது. அவர் கணக்கில் இல்லை. மிகுதியாகத் துன்புற்றவரே முதலில் கணக்கிலிருந்து மறைகிறார். எனவே, வந்தோரின் அளவுகள் நன்றாக உள்ளன என்று மகிழ்வதற்கு முன், வாராதோர் யார் என்றும் வினவுதல் வேண்டும்.

இனி, தமிழுக்கு வருவோர் நிலை யாது?

தமிழ் வலைப்பக்கங்களின் தொடக்கக் காலம் எழுத்துருக் குழப்பத்தின் காலம். ஒவ்வோர் இதழும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. உரிய எழுத்துரு இல்லாதவர் திரையில் தமிழ் தோன்றாது. பொருளற்ற குறிகளே தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் பொதுநெறி கண்டது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், அனைத்து எழுத்துக்கும் தனித்தனி இடந்தரும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது. இன்று வலையில் வழங்குவது ஒருங்குறியே. அதன் பரவலான வடிவில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். உயிர்மெய்யையும் மெய்யையும் மெய்க்குறி, உயிர்க்குறி, புள்ளி என்று பிரித்து எழுதுவதால், ‘அம்மா’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளாகிப் பதினைந்து பைட்டு கொள்ளும். அனுப்பும்போது சுருக்கியனுப்பும் முறையால் இவ் வேறுபாட்டின் பெரும்பகுதி நீங்கிவிடும். சுருக்காமல் அனுப்பும் தளத்தில் அது நீங்காது.

எழுத்துருவால் வரும் சுணக்கம் இதனினும் பெரிது. அழகிய தமிழ் எழுத்துரு ஒன்றைத் தளம் தன்னோடு அனுப்பினால், அது வந்து சேரும்வரை, ஏறத்தாழ மூன்று நொடி வரை, எழுத்தையே காட்டாமல் வெற்றிடமாக விடுவது உலாவிகள் பலவற்றின் இயல்பு. பின்னர் எழுத்துரு வந்ததும் எழுத்துகளின் அகலம் மாறும், வரிகள் மடியும், தொடப்போன பொத்தான் கீழே நழுவும். கருவியிலுள்ள எழுத்துருவில் முதலில் காட்டுக, உரியது வந்தபின் மாற்றுக என்று தளத்தில் ஒரு வரி எழுதினால் வெற்றிடம் நீங்கும். இரண்டு எழுத்துருக்களின் அளவையும் ஒத்திசையச் செய்தால் நழுவுதல் குறையும். தமிழுக்கு வேண்டாத பிறமொழி எழுத்துகளை எழுத்துருவினின்று களைந்தால் எடை குறையும். தீர்வுகள் எளியவை. ஆயினும், குறை உண்டென்று அறிந்தால்தானே தீர்வைத் தேடுவர்? சென்னை அலுவலகத்தில் விலையுயர்ந்த கணிப்பொறியில், முன்பே எழுத்துரு இறங்கிய உலாவியில், ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பொறியாளர்க்கு இக் குறை தெரியவே தெரியாது. புதுப்பட்டினத்து மீனவர் ஒருவரோ, திருக்கழுக்குன்றத்து உழவர் ஒருவரோ விலைகுறைந்த கைப்பேசியில் தமிழ்ப்பக்கத்தைத் திறக்கும்போதுதான் அது வெளிப்படும்.

‘ஆங்கிலப் பக்கம் விரைந்து வருகிறதே, அதைப் படித்தால் என்ன?’ என்று வினவுவாரும் உளர். ஒரு மொழியை ஒடுக்கச் சட்டம் வேண்டும், தடை வேண்டும் என்று எண்ணுவது பழங்காலத்து எண்ணம். தமிழ்ப்பக்கம் ஏழு நொடியிலும் ஆங்கிலப் பக்கம் இரண்டு நொடியிலும் திறக்குமாயின், யாரும் ஆணையிடாமலே தமிழர் விரல் ஆங்கிலப் பொத்தானைத் தேடும். பிறகு, தமிழ்ப்பக்கத்திற்கு வருவோர் தொகை குறைந்ததென்று கணக்குக் காட்டி, ஆளில்லாப் பக்கம் எதற்கு என்று அதைக் கைவிடுவதற்கும் வழி பிறக்கும். சுணக்கத்தால் ஓடியவர்களை விருப்பமின்மையால் ஓடியவர்களாகக் காட்டும் இக் கணக்கு தமிழுக்கு இழைக்கும் தீங்கு சிறிதன்று.

இவ் அளவைத் தொழில் தமிழ்நாட்டிற்குப் புதியதும் அன்று. 1996-இல் அட்வென்ட்டுநெட்டு என்னும் பெயரில் தொடங்கி, 2009-இல் சோகோ எனப் பெயர் மாறிய நிறுவனம், இதே செங்கற்பட்டு மாவட்டத்தில் கூடுவாஞ்சேரியை அடுத்து வளாகம் கொண்டுள்ளது. 2006 முதல் அது நடத்திவரும் ‘சைட் 24×7’ என்னும் கண்காணிப்புப் பணி, சுவர்க்கருவி போன்ற முறை, படிப்போர் கையில் அளக்கும் முறை ஆகிய இரண்டையும் உலக நாடுகளிலுள்ள தளங்களுக்கு வழங்குகிறது. உலகத்தார் பக்கங்களை அளக்கும் திறம் இம்மாவட்டத்திலேயே இருக்கையில், தமிழ்ப்பக்கத்தை அளக்க அறிவில்லை, ஆளில்லை என்று கூற யார்க்கும் வாயில்லை.

ஆகவே, மக்கட்பணி புரியும் தளங்களிடம் தமிழர் கேட்க வேண்டுவன நான்கு.

முதலாவது, தமிழ்ப்பக்கமும் ஆங்கிலப் பக்கமும் தனித்தனியே அளக்கப்பெறுதல் வேண்டும். இரண்டையும் கலந்து கூறும் கணக்கு தமிழை மறைக்கும் கணக்கே.

இரண்டாவது, கைப்பேசியின் தரம், இணைப்பின் தரம், மாவட்டம் ஆகியவற்றின்படி அளவுகள் பிரிக்கப்பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, நெருக்கடி நாள்களைத் தனியே பார்த்தல் வேண்டும். 2016 திசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தது போன்ற நாளிலும், தேர்வு முடிவு வெளியாகும் காலைப்பொழுதிலும் தளம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதே கேள்வி. ஆண்டு முழுதும் விரைந்து, வேண்டிய நாளில் வீழும் தளத்தால் பயன் இல்லை.

நான்காவது, அளக்கும் பெயரால் மக்களை வேவு பார்த்தலாகாது. பக்கம் திறக்க எத்தனை நொடி ஆயிற்று என்று அறிய, திறந்தவர் பெயர் வேண்டுவதில்லை; அவர் தொலைப்பேசி எண் வேண்டுவதில்லை; அவர் வேறெங்கே சென்றார் என்பதும் வேண்டுவதில்லை. தனியாள் தரவுகளைக் காக்க 2023-இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. உடலேற்ற கதிர்வீச்சை அளக்கும் அட்டை, அணிந்தவர் உள்ளத்தை அளப்பதில்லை. வலைத்தளத்து அளவையும் அவ் வரம்பிலேயே நிற்றல் வேண்டும். அளக்கும் நிரல் தானே எடை மிகுந்து பக்கத்தைச் சுணக்குதலும் ஆகாது.

அணுபுரத்தில் அளவைக் கலை கற்றோர் பலர் வாழ்கின்றனர். அளக்காமல் உறுதி கூறலாகாது என்பதும், அளந்ததை மறைக்கலாகாது என்பதும் அவர்களுக்குத் தொழில்நெறி. அந் நெறியைத் தமிழின்பால் திருப்புதல் அவர்தம் கடன். ஊரிலுள்ள எளிய கைப்பேசி ஒன்றை எடுத்து, மக்கள் நாடும் தளங்களின் தமிழ்ப்பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் திறந்து, நொடிகளை எண்ணிக் குறித்து, உரிய அலுவலகத்திற்குத் தமிழில் எழுதியனுப்புதல் எவர்க்கும் இயலும். ஒருவர் எழுதினால் முறையீடு. நூற்றுவர் எழுதினால் சான்று. மொழிக்கடன் ஆற்றுதற்குப் பெருஞ்செல்வமும் பெரும்பதவியும் வேண்டுவதில்லை. ஒரு கைப்பேசியும் ஒரு கடிகையும் விடாமுயற்சியும் போதும்.

தமிழ் வெல்க!